தொண்ணூற்றாறு சதவீதம் மிகத் தெளிவு

பெங்களூரில் நடந்த இரண்டு நாள் பயிற்சி முகாமுக்குப் போய்வந்ததிலிருந்து வீரராகவன் கழுத்தில் ஒரு நீல நாடா தொங்கியது. நாடாவின் முனையில் அவர் பெயர் எழுதிய அட்டை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இஸ்திரிப் பெட்டியும் வெந்நீர்க் கம்பியும் செய்யும் அந்தக் கம்பெனிக்கு அவர்தான் ஜெனரல் மேனேஜர். கேட்டில் படுத்திருக்கும் நாய்க்குக்கூட அவரைத் தெரியும். ஆனாலும் அட்டை தொங்கிற்று.

முகாமிலிருந்து அவர் கொண்டுவந்த இன்னொரு பொருள் ஒரு வண்ண வரைபடம். ஒரு சாமானைப் புதிதாகச் செய்யும்போது, அதைப் பயன்படுத்தப் போகிறவர்களை எந்தக் கட்டத்தில் எப்படி ஆராய வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. ஆரம்பத்தில் அவர்கள் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பார். அப்புறம் சாமானைக் கையில் கொடுத்து, செய்யச் சொல்லிப் பார். எல்லாம் ஒழுங்காக அமைந்த பிறகு, கேள்வித்தாள் கொடுத்து எண்ணிப் பார். வீரராகவன் முதல் இரண்டையும் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, மூன்றாவதைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்.

"போய் உக்காந்து பாத்தா கதைதான் கிடைக்கும் சர்ஃபராஸ். எண்ணினாதான் பர்சன்டேஜ் கிடைக்கும். எம்.டி. கிட்ட போயி கதையா சொல்ல முடியும்?"

சர்ஃபராஸ் தலையாட்டினான். பழவேற்காட்டில் மூன்று தலைமுறையாக இறால் வியாபாரம் செய்த குடும்பத்தில், மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் அவன். தண்ணீரைப் பார்த்து வளர்ந்தும் படகில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வான். நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், குரல் உயர்த்திப் பேசுகிற யாருக்கும் பயம். எம்.பி.ஏ. படித்த பிறகு அந்தப் பயத்துக்குப் 'பணிவு' என்று பெயர் மாறி, அதற்காகவே வேலையும் கிடைத்தது. பதவியின் பெயர், வாடிக்கையாளர் அனுபவ ஆய்வு அலுவலர். வேலை, வீரராகவன் சொல்வதை டைப் அடிப்பது.

பக்கெட் தண்ணீருக்குள் முக்கிக் காய வைக்க, கம்பெனி புதிதாகச் செய்திருந்த வெந்நீர்க் கம்பிக்கு 'உஷ்ணமித்ரா' என்று பெயர். அதன் தலையில் ஒரு சிவப்பு விளக்கு. தண்ணீர் காயும்வரை எரியும். காய்ந்ததும் தானே அணையும். ஆறினால் மறுபடி எரியும். விளக்கு அணைந்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தண்ணீரைத் தொட வேண்டும் என்று மூன்று மொழியில் அச்சடித்த தாளும் பெட்டிக்குள் இருந்தது. எடை குறைவான தாள் என்பதால் குழந்தைகள் கப்பல் செய்ய வசதியாக இருந்தது.

ஆரம்பாக்கத்திலிருந்து வேப்பம்பட்டு வரை, கம்பெனி ஊழியர்களின் வீடுகளாகப் பார்த்து ஆளுக்கொரு கம்பி இலவசமாகக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுப் பெண்களைக் கம்பெனி ஹாலுக்கு வரவழைத்து, சமோசாவும் காபியும் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸும் கொடுத்து, கேள்வித்தாளை நீட்டினார்கள். சுவரோரமாக அவரவர் புருஷனின் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். 'விளக்கு அணைவதன் பொருள் உங்களுக்குப் புரிகிறதா?' என்பது முக்கியமான கேள்வி. அதற்கு மூன்று விடைகள்: மிகத் தெளிவாக, தெளிவாக, ஓரளவு தெளிவாக. 'புரியவில்லை' என்ற விடையை சர்ஃபராஸ் டைப் அடித்திருந்தான். நெகட்டிவாக இருக்கிறது என்று வீரராகவன் எடுத்துவிட்டார்.

தொண்ணூற்றாறு சதவீதம் மிகத் தெளிவு என்று வந்தது. வீரராகவன் அன்று ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் இன்னொரு சமோசா வாங்கிக் கொடுத்தார்.

மார்கழி பிறந்தது. இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்து மார்கழி. சரக்கு கடைக்குப் போக வேண்டிய நேரம். சென்னையிலிருந்து எம்.டி. வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால் லாரி கிளம்பிவிடும். எம்.டி. பார்க்கிற படத்தொகுப்பில் ஒரு பெண் கம்பியோடு சிரித்தபடி நிற்கிற போட்டோ வேண்டும் என்று வீரராகவனுக்குத் தோன்றியது. சர்ஃபராஸ் காமிராவோடு விடியற்காலையில் ஆரம்பாக்கம் போனான்.

அங்கே செண்பகத்தின் வீடு. அவள் புருஷன் கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் நைட் ஷிப்ட், இன்னும் வரவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் கீற்று மறைப்பு. அதற்குள் பக்கெட். சமையல்கட்டு ஜன்னல் வழியாக ஒரு ஒயர் வெளியே வந்து பக்கெட் வரை போயிருந்தது.

"சித்த இரு சார். குழந்திக்கு தண்ணி வச்சிகினு கீறேன். தல சீவிக்கினு வந்துர்றேன், அப்பால போட்டோ புடி."

"நீங்க வேலைய பாருங்க, நான் நிக்கறேன்."

கீற்று மறைப்புக்குள் ஆண்பிள்ளை எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை என்று சர்ஃபராஸ் வயல் பக்கம் திரும்பி நின்றான். இத்தனை மாத ஆராய்ச்சியில் அவன் எல்லா வீட்டிலும் வாசலோடு திரும்பியவன். குளிக்கிற சாமானைக் குளிக்கிற இடத்தில் அவன் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த மறைப்பில் இரண்டு கீற்று கழன்று கிடந்தது. சிவப்பு விளக்கு அணைவது ஓரக்கண்ணில் தெரிந்தது.

"தா, போய்ட்டான்," என்றாள் செண்பகம், எரிச்சலாக. "காலங்காத்தாலயே புடுங்கிட்டான் பாரு கரண்ட்ட."

சொல்லிக்கொண்டே பக்கெட்டுக்குள் கையை விட்டு, கம்பியின் மேலேயே தண்ணீரைக் கலக்கினாள்.

சர்ஃபராஸ் சட்டென்று திரும்பினான். கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. அவள் இன்னும் கலக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் டீவியில் யாரோ ராசிபலன் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றான் கடைசியில், "கரண்ட் இருக்குது. டீவி ஓடுது."

"ஓடுதா?" அவள் காதைக் கொடுத்தாள். "அட ஆமா. வந்துட்டானா அதுக்குள்ள?" கையை உதறிப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "மேலாப்ல சுள்ளுன்னு இருந்திச்சு. எறும்பு கடிச்சாப்ல. சூடு ஏறிச்சுன்னா அப்டித்தான் இருக்கும்."

அவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கம்பியை வெளியே எடுத்தான். பக்கத்தில் உப்பங்கழி, கிணற்றுத் தண்ணீரும் உப்பு. இரண்டு மாதம் அந்தத் தண்ணீரைக் குடித்ததில் கம்பி முழுக்க வெள்ளைப் படிவு. ஓரிடத்தில் மேல்தகடு கொப்புளித்து, முடி மாதிரி ஒரு வெடிப்பு. ஃபோட்டோ எடுக்காமல், புது மாடல் தருவதாகப் பொய் சொல்லி, கம்பியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான். பஸ் ஸ்டாண்டில் நின்று யோசித்தான்.

விளக்கு அணைந்தால் சூடு ஏறுவது நிற்கும். கரண்ட் எங்கேயும் போவதில்லை, கம்பிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஆனால் தினமும் இரண்டு மணி நேரம், சொல்லியும் சொல்லாமலும் கரண்ட்டைப் பிடுங்குகிற இந்த ஊரில், எந்த விளக்கு அணைந்தாலும் ஒரே ஒரு பொருள்தான். சின்னக் குழந்தைக்கும் தெரியும் அது.

வீட்டுக்கு ஃபோன் போட்டான். அவன் மனைவி குல்சும் எடுத்தாள்.

"குல்சும், அந்தக் கம்பியில லைட்டு அணைஞ்சா இன்னா அர்த்தம்?"

"இன்னாங்க காலைலயே பரீட்ச வைக்கறீங்க? கரண்ட் போச்சுன்னு அர்த்தம்."

"நீதானே அன்னிக்கி மிகத் தெளிவா புரியுதுன்னு டிக் போட்ட!"

"ஆமா. மிகத் தெளிவாதான் புரியுது. லைட்டு அணைஞ்சா கரண்ட் போச்சு. இதுல புரியாம போக இன்னா கீது?"

"இப்ப அது எங்க?"

"நேத்தே கழட்டி பரண்ல போட்டேன். பக்கெட்டு துணி ஊற வைக்க வேணுமே."

அவன் பஸ் ஸ்டாண்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "அல்லாவே," என்றான். அப்புறம் மற்ற வீடுகள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மிகத் தெளிவு.

ஆபீஸில் அவன் சொன்னதை வீரராகவன் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்து நாடாவைச் சரிசெய்துகொண்டார்.

"ஒருத்தி கைய வுட்டா. சரி. ஒருத்திய வச்சி முடிவு பண்ணலாமா? சாம்பிள் சைஸ் இன்னா? ஒண்ணு. எங்கிட்ட எத்தன பேரு கையெழுத்து கீது தெரியுமா?"

"சார், கையெழுத்து போட்டவங்கதான் சார் கைய வுடறாங்க."

"நீ பயந்தாங்கொள்ளி சர்ஃபராஸ். தப்பா சொல்லல, அது உன் சுபாவம். ஆனா டேட்டா பயப்படாது." இந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போய், ஒரு தாளில் குறித்துக்கொண்டார். "இப்ப போயி டெமோவுக்கு ஏற்பாடு பண்ணு. புதுக் கம்பி வேணாம். ஃபீல்டுலேந்து எட்த்துகினு வந்தியே, அதையே வை. எம்.டி.க்கு ஒரிஜினல் ஃபீல் கிடைக்கும். பிளாஸ்டிக் பக்கெட்ட வைக்காத, அசிங்கம். கேன்டீன்ல எவர்சில்வர் அண்டா இருக்குமே, அத நல்லா தேச்சி வை."

சர்ஃபராஸ் மறுக்கத்தான் நினைத்தான். அவர் மேசைமேல் அவனுடைய பணி நிரந்தரக் கடிதம் கையெழுத்துக்குக் காத்திருந்தது. "சரி சார்," என்று சொன்னது அவனுக்கே கேட்டது. வெடித்த கம்பியிலிருந்து கசியும் கரண்ட் எவர்சில்வர் அண்டா முழுக்க ஏறும். ஹாலுக்கு நடந்து போகும்போது, தான் யாரையோ கொல்லப் போகிறோம் என்று தோன்றியது. அதையும் மேசைவிரிப்புப் போட்டு, பூச்சாடி வைத்துச் செய்யப் போகிறோம்.

எம்.டி. அருணாச்சலம் மதியம் வந்தார். பருத்த, கலகலப்பான மனிதர். ஹாலில் எல்லா மேனேஜர்களும் எழுந்து நின்றார்கள். மேசை நடுவில் அண்டா பளபளத்தது. உள்ளே செண்பகத்தின் கம்பி. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வீரராகவன் திரையில் வட்டப் படம் காட்டினார். தொண்ணூற்றாறு சதவீதமும் பச்சையாக இருந்தது. மீதி நான்கு மஞ்சள்.

சர்ஃபராஸ் பிளக்குக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றான். எம்.டி. தொடவே மாட்டார், பெரிய மனிதர்கள் தண்ணீரையெல்லாம் தொட மாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

விளக்கு அணைந்தது.

"அய்யய்யோ," என்றார் கணக்குப் பிரிவு மேனேஜர்.

"பாத்தியா, நம்ம டெமோ நேரத்துலயே கட் பண்றான்!" என்றார் எம்.டி.

"ஜெனரேட்டர் போடச் சொல்றேன் சார்," என்று ஒருவர் கதவுப் பக்கம் ஓடினார். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் வட்டப் படம் எரிந்துகொண்டிருந்தது. ஏசி உறுமிக்கொண்டிருந்தது. ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. விளக்கு அணைந்துவிட்டதே, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அதைச் செய்வித்த வீரராகவனே, "ஸாரி சார், கரண்ட் போயிடுச்சு," என்றார்.

"பரவால்ல. எவ்ளோ காஞ்சிருக்குன்னு பாப்போம்," என்று எம்.டி. எழுந்து, இடது கையை அண்டாவின் விளிம்பில் ஊன்றிக்கொள்ளக் குனிந்தார்.

சர்ஃபராஸ் அப்புறம் எவ்வளவு யோசித்தும் அந்த நொடி அவனுக்கு முழுதாக ஞாபகம் வரவில்லை. "தொடாத!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவு கேவலமான, கீச்சென்ற குரல் தன்னுடையதுதான் என்று அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது. கத்தியதோடு நிற்காமல் எம்.டி.யின் மணிக்கட்டில் ஓங்கி ஓர் அடி வைத்திருந்தான். எம்.டி.யின் கைக்கடிகாரம் கழன்று மேசையடியில் போய் விழுந்தது.



"இன்னாடா பண்ண?" என்றார் எம்.டி., வலியைவிட ஆச்சரியத்தோடு.

"கரண்ட் போவல சார். லைட்டுதான் போச்சு." கையை மேலே காட்டினான். "ஃபேன பாருங்க சார்."

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு அண்டாவைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார்கள். எலக்ட்ரீஷியன் பீட்டர் சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து, அண்டாவின் விளிம்பில் வைத்தார். கம்பியின் விளக்கு செத்துக் கிடந்தது. டெஸ்டரின் வயிற்றுக்குள் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு எரிந்தது.

எம்.டி. தன் வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த அண்டாவை எடுத்து ஓரம் வைக்க யாரும் முன்வரவில்லை.

முதலில் பேசியவர் வீரராகவன்தான். கழுத்து நாடாவை இழுத்துவிட்டுக்கொண்டு, வறண்ட குரலில் ஆரம்பித்தார். "சார், எண்ணிப் பாக்கறது மட்டும் போதாதுன்னுதான் பெங்களூர்ல சொன்னாங்க. நேர்ல கவனிக்கணும். அந்த முறைப்படி, இன்னிக்கி உங்களையே யூசரா வச்சி..."

"என்னய வச்சியா?" என்றார் எம்.டி.

"கன்ட்ரோல்ட் சிச்சுவேஷன் சார். சர்ஃபராஸ ரெடியா நிக்க வச்சிருந்தேன்."

"வூடுங்கள்ல எவ்ளோ கம்பி கீது இது மாதிரி?"

"திங்கக்கிழம ஒரு சர்க்குலர் டிராஃப்ட் பண்ணி சார், லீகல்ல காட்டி, பீதி கிளம்பாத மாதிரி..."

திங்கட்கிழமைக்குள் எத்தனை பேர் குளிப்பார்கள் என்று சர்ஃபராஸின் மனம் எண்ணப் பார்த்து, முடியாமல் விட்டது. அவன் யாரிடமும் சொல்லாமல் ஹாலைவிட்டு வெளியேறி, வேன் நிற்கிற இடத்துக்கு ஓடினான்.

"இன்னா நைனா, பேயடிச்சாப்ல வர்ற?" என்றார் டிரைவர் தணிகாசலம்.

"வண்டிய எடுங்கண்ணே."

"கேட் பாஸு?"

"எடுங்கண்ணே, சொல்றேன்!"

மத்தியானத்தில் இரண்டாவது முறையாக அவன் குரல் உயர்ந்தது. தணிகாசலம் அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். கேட்டில் செக்யூரிட்டி கை காட்டியதை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

இலவசமாக வந்த சாமானைத் திருப்பிக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அவனுக்கு அன்று தெரிந்தது. "நல்லாத்தானே கீது சார், எதுக்கு புடுங்கறீங்கோ?" என்றார்கள். "எங்க ஊட்டுக்காரரு மேல எதனா கம்ப்ளெயிண்டா?" என்று ஒருத்தி அழுதாள். ஷாக் அடிக்கும் என்று சொன்னதும், "அதான் லைட்டு அணைஞ்சப்புறம்தானே சார் தொடறோம்?" என்று ஒரு கிழவர் அவனைச் சமாதானப்படுத்தினார். வாதாட நேரமில்லாமல் ஒரு வீட்டில் கம்பியைப் பறித்துக்கொண்டே ஓடிவந்தான். வேனின் பின்சீட்டில் கம்பிகள் சேர்ந்துகொண்டே வந்தன. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வேன் நிற்கும்போது, சாவுப் பந்தலோ கூட்டமோ தெரிகிறதா என்றுதான் அவன் முதலில் பார்த்தான்.

கடைசியாக வேப்பம்பட்டு. மேரி என்ற பெண்ணின் வீடு. பேக்கிங் செக்‌ஷனில் முதல் ஷிப்ட் முடித்து வந்து, சாயங்காலம் குளிக்கிறவள் என்று தணிகாசலம் சொன்னார். ரயில்வே கேட் மூடியிருந்தது. அவன் இறங்கி, கேட்டுக்கு அடியில் குனிந்து, தண்டவாளத்தைத் தாண்டி ஓடினான்.

வீட்டு வாசல் கதவு பூட்டியிருந்தது. சந்தில் தகரக் கதவு வைத்த குளியலறை. ஜன்னல் கம்பிகளுக்கிடையே ஒரு ஒயர் வந்து, தகரக் கதவின் மேலிடுக்கு வழியாக உள்ளே இறங்கியது. உள்ளே பக்கெட் நகரும் சத்தம்.

"மேரிக்கா! தொடாதீங்க! தண்ணிய தொடாதீங்க!"

உள்ளே சத்தம் நின்றது.

"மேரிக்கா!"

பதில் இல்லை. எதிர்வீட்டில் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். அந்நிய மனுஷன் ஒருவன், குளிக்கிற பெண்பிள்ளை பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு, தகரக் கதவைக் குத்திக்கொண்டிருந்தான். சர்ஃபராஸ் ஒயரை இரண்டு கையாலும் பிடித்து, காலைச் சுவரில் ஊன்றி இழுத்தான். உள்ளே எங்கேயோ பிளக் பிடுங்கிக்கொண்டு வந்து ஜன்னலில் அடித்தது. அவன் மல்லாக்க விழுந்தான். யாரோ அவன் காலரைப் பிடித்துத் தூக்கினார்கள். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. தகரக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பின்னால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழவில்லை.

"எவன்டா அவன் பேமானி!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "பொம்பள குளிக்கற எடத்துல வந்து ஒயர புட்சி இஸ்துகினு கீறான்! அண்ணா, வுடாத அவன, பொடவைய சுத்திகினு வந்துர்றேன், செருப்பு எங்க வச்சேன்..."

தொடர்ந்து அவள் அவன் பரம்பரை முழுவதையும் பெயர் தெரியாமலே திட்டினாள். இரண்டாவது அறையும் விழுந்தது. சர்ஃபராஸ் காலரைப் பிடித்திருந்த கையிலேயே சாய்ந்துகொண்டு, ஒரு வார்த்தையும் விட்டுவிடாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.